ஜெமி பயப்படும் முகம்

ராஜகீழ்ப்பாக்கம்,
25.1.92, சனிக்கிழமை.

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது முழுக்கப் படித்தால் உனக்கே தெரியும். நாக்பூர் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா, இருமல் நின்றதா, சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குகிறாயா? உன் டியூட்டியைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியிருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம், அழுகிற பிள்ளைகளைக் கண்டால் உனக்கு எரிச்சல் வராது, அது என்னிடமிருந்து வந்ததில்லை, அப்பாவிடமிருந்து வந்தது. பொங்கலுக்கு நீ அனுப்பிய கடிதத்தில், கிறிஸ்மஸுக்குப் பிறகு அப்பா ஒரு வரிகூட எழுதவில்லையே, என் மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். கோபம் இல்லை. அவர் எழுத உட்கார்ந்தார், உன் பெயரை எழுதினார், அப்புறம் பேனாவை மூடிவிட்டு, நீயே எழுதும்மா, உனக்குத்தான் கோர்வையா வரும் என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் கோர்வையாக வரவில்லை. இருந்தாலும் உன்னிடம் மறைத்து வைக்க முடியாது, வீட்டில் நடப்பது அப்படி.

இந்தக் கிறிஸ்மஸுக்கும் நம் சபை கேரல் குழுவில் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் அப்பாவுக்குத்தான். நீ கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து அவர்தானே. சாயம் போன அந்த சிவப்பு சாட்டின் அங்கி, வயிற்றில் கட்டுகிற தலையணை, சிரித்தபடியே இருக்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக் முகமூடி, அதில் ஒட்டின பஞ்சுத் தாடி, எதுவும் மாறவில்லை. முந்தின கிறிஸ்மஸில் உன் தங்கை ஜெமி மூன்று வயசில் இந்த வேஷத்தைப் பார்த்து அழுதாள், சின்னப் பிள்ளைகள் எல்லாம் அழத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம். இந்தத் தடவை சேலையூர், செம்பாக்கம் பக்கமெல்லாம் பாடி முடித்துவிட்டு விளக்கு வைத்த நேரத்துக்கு நம் வீட்டுக்கு வந்தார்கள், நம் வீட்டில்தான் அவர்களுக்கு டீயும் கேக்கும். டிரம் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே ஜெமி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஆடிக்கொண்டே வாசற்படி ஏறி, ஹோ ஹோ என்று குனிந்து அவளிடம் டாபி நீட்டினார். அவள் கத்தின கத்து உனக்கு எழுதிக் காட்ட முடியாது, மூச்சு உள்ளேயே நின்றுபோய் உதடு நீலமாகிவிட்டது, பாவாடையெல்லாம் நனைந்துவிட்டது. டிரம் அடிக்கிற துரைராஜ்தான், அய்ய, இன்னா பாப்பா இது, உங்க நைனாதான் அது, அண்ணே, மூஞ்சிய தூக்கிக் காட்டுண்ணே என்றான். எல்லாப் பையன்களும் காட்டுண்ணே காட்டுண்ணே என்று கை தட்டினார்கள். அப்பாவும் மண்டியிட்டு, அவள் முகத்துக்கு நேராக, முகமூடியைக் கழற்றி நெற்றிக்கு மேலே தூக்கினார்.

அழுகை சட்டென்று நின்றுவிட்டது. எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள், துரைராஜ் டிரம்மில் ஒரு தட்டுகூடத் தட்டினான். நான் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, பார்க்கத்தான் வரும் என்று உனக்குத் தெரியும். அது சமாதானமான முகம் இல்லை பியூலா. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது, கன்னத்தில் ரப்பர் பட்டையின் தடம் சிவப்பாக ஓடியது, மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அந்தத் தடத்தையே பார்த்தாள், காதிலிருந்து தாடைவரை. அவர் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினார், அவள் சத்தமே இல்லாமல் பின்னால் பின்னால் போய் என் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டாள். மறுநாள் காலை அவர் டீ குடிக்க வந்து ஜெமி என்று கூப்பிட்டதும் பீரோவுக்குப் பின்னால் ஓடினாள். குளிப்பாட்டும்போது என்னிடம் ரகசியமாகக் கேட்கிறாள், அம்மா, அது எப்பம்மா அப்பா மூஞ்சியக் கழட்டும் என்று.

நாம் அவளுக்கு முகமூடியின் அடியில் அப்பா இருக்கிறார் என்று காட்டினோம். அவள் அப்பாவின் முகமும் கழற்றுகிற ஒன்றுதான் என்று கண்டுகொண்டாள். அதன் அடியில் என்ன இருக்கும் என்றுதான் இப்போது அவள் பயம். வேறு எதற்கும் பயமில்லை, பல்லிக்குப் பயமில்லை, கரண்ட் போனால் பயமில்லை, தெருநாயின் வாயில் கை விடுகிறாள். அந்த முகமூடிக்கே பயமில்லை என்றால் நம்புவாயா. பழகினால் பயம் போகும் என்று அப்பா அதை சபையிலிருந்து கேட்டு வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். அவள் மெதுவாகப் போய்த் தொட்டாள், உள்ளே கைவிட்டுப் பார்த்தாள், உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஒரே சிநேகம். அதற்கு பிஸ்கட் ஊட்டுகிறாள். தலையணைக்கு அதை மாட்டி, பாயில் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறாள், அது அப்பா படுக்கிற இடம். அவர் கூடத்துக்கு வராமல் நிலைப்படியில் நின்று, பிளாஸ்டிக் முகத்துக்குப் போர்வை போர்த்திவிடுகிற மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய் சமையலறையில் படுத்தார். அன்றிலிருந்து அங்கேதான் படுக்கை.

நான் பி.எட். படித்தபோது கல்வி உளவியலில் இது ஒரு பாடமாகவே வந்தது. பிறந்த குழந்தைக்கு இரண்டே பயம்தான், பெரிய சத்தம் ஒன்று, கீழே விழுவது ஒன்று, மற்றதெல்லாம் பிற்பாடு கற்றுக்கொள்வது என்று போட்டிருந்தது. எங்கேயோ ஒரு குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்பைத் தட்டினார்களாம், கடைசியில் எலியைக் கண்டாலே அழுததாம். பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன், எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் படி மிதித்ததில்லை, புத்தகத்தில் அச்சாகியிருந்தால் எனக்கு அது வேதம் மாதிரி. அந்தக் குழந்தையின் அம்மா அப்போது எங்கே இருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. இப்போது அதைத்தான் யோசிக்கிறேன். துரைராஜின் டிரம்தான் அந்த இரும்பா? அப்படியென்றால் அதே சத்தத்தில், அதே முகமூடியில், நீ ஒரு வயசில் அப்பாவின் பஞ்சுத் தாடியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாயே. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே அப்பா. உனக்கு யார் தைரியத்தைக் கற்றுக்கொடுத்தது, இவளுக்கு யார் பயத்தைக் கற்றுக்கொடுத்தது? பூச்சாண்டி வருவான் என்று சொல்லி நான் ஒருநாளும் சோறு ஊட்டினதில்லை, உனக்கும் இல்லை, இவளுக்கும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சரசு அவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். போன வாரம் குழாயடியில், டீச்சரம்மா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத, நீ இவள வயித்துல வச்சிக்கினு இருந்தப்போ தெருவுல ஒரு ஆள் மொகத்த நிமிந்து பாத்தியா, கதவ சாத்திக்கினு உள்ளாரயே கெடந்த, மனுசன் மொகம்னாலே ஒனக்கு ஆவாது, அதான் ரத்தத்தோட புள்ளைக்கு வந்துட்சி என்றாள். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், அவளும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதற்குள் என் குடத்தையும் அவளே நிரப்பி வைத்துவிட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜெமி வயிற்றில் இருந்தபோது நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய், உன் சிநேகிதிகள் வீட்டுக்கு வரும்போது நான் வயிற்றோடு உள்ளறைக்குப் போய்விடுவேன், அது உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அது பயமில்லையே, வெட்கம்தானே. அம்மாவின் வெட்கம் குழந்தைக்குப் போய்ச் சேரும்போது பயமாக மாறிவிடுமா? இதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது, யாரிடம் போய்க் கேட்பது?

டாக்டரிடமும் போனேன். ஸ்ரீநிவாசராகவன் டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நான் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள், பூச்சிதான்மா, வயித்துல பூச்சி இருந்தா இப்படித்தான் மிரளும் என்று ஒரு பாட்டில் மருந்து எழுதினார். கொடுத்தேன். நம் சபை ஐயர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார், அவருடைய கைக்கு அவள் அழவில்லை. லாசரஸ் பெரியப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து வந்திருந்தார், இதெல்லாம் செல்லம் குடுத்து வளத்த வளர்ப்பு, பொம்பளைங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அய்யோ அய்யோன்னு ஓடினா புள்ள பயப்படத்தான் செய்யும், புடிச்சு அவன் மடியில கொஞ்ச நேரம் உக்கார வை, தானா அடங்கும் என்றார். அப்பா வேண்டாம் என்றார், பெரியப்பா கேட்கவில்லை, தூக்கிக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவள் கத்தவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கட்டை மாதிரி இருந்தாள். அப்பாவே எழுந்து அவளை என்னிடம் கொடுத்துவிட்டார், அவருடைய சட்டையில் ஈரம், அவளுடைய வேர்வையா அவருடையதா தெரியவில்லை. பெரியப்பா வாங்கிவந்த மிக்சர் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

அப்பா தன் பங்குக்கு ஒன்று செய்தார். மீசையில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் பயந்திருப்பாள் என்று அவராகவே முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீசையை எடுத்துவிட்டார். கல்யாண போட்டோவில் இருக்கிற மீசை அது. எனக்கே அவர் யாரோ மாதிரி இருந்தது, நான் காட்டிக்கொள்ளவில்லை. ஜெமி கதவிடுக்கிலிருந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, நான் சொன்னேன்ல, கழட்டிடுச்சி என்றாள். அதைச் சொல்லும்போது அவளிடம் அழுகை இல்லை, தான் சொன்னது சரியாகிவிட்ட நிம்மதிதான் இருந்தது. அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றுகிறேன். அவருடைய குரலுக்கு அவளுக்குப் பயமே இல்லை. ஒருநாள் அவர் ரயில்வே கார் ஷெட் வேலை முடிந்து வந்து, அவளை மிரட்ட வேண்டாமே என்று பின்பக்கமாகப் போய், மூடின கதவுக்கு வெளியே நின்று, ஜெமி சாப்டியா என்று கேட்டார். அவள் ஓடிப்போய்க் கதவில் காதை வைத்து, அப்பா, யானை கத சொல்லு என்றாள். கிறிஸ்மஸுக்குப் பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து கதை சொன்னார், இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கேட்டாள். அப்படியே தினமும் சாயங்காலம் வழக்கமாகிவிட்டது. எனக்கும் நம்பிக்கை வந்தது, அடுப்பில் வேலையாக இருப்பதுபோல நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர், அப்பா உள்ள வரட்டுமா கண்ணு என்று கேட்டார். வராத, வராதப்பா, உள்ள அந்த ஆளு வருவான், நீ அங்கயே இரு என்று அவள் கதவைத் தன் முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவரைக் காப்பாற்றுகிறாளாம். வெளியே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் கல்லிலிருந்து எழுந்து போகிற செருப்புச் சத்தம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பாகப் போய்விட்டது. குரலையும் முகத்தையும் சேர்த்துக் காட்டினால் புரிந்துகொள்வாள் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி, நான் சரி என்றேன், புத்தகத்தில் படித்ததும் அப்படித்தான், பிடித்த ஒன்றோடு சேர்த்துப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை கதை சொல்லிக்கொண்டே, நிறுத்தாமல், யானை குளத்தில் இறங்குகிற இடத்தில் நான் கதவைத் திறந்தேன். அவர் வாய் அசைவதையும் குரல் அதிலிருந்து வருவதையும் அவள் பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா குரல அவன் எடுத்துக்கினான், அப்பா குரல அவன் எடுத்துக்கினான் என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். மறுநாள் சாயங்காலம் அவர் வெளியே நின்று கூப்பிட்டபோது அவள் கதவுப் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை. நேற்று கொஞ்ச தூரத்தில் வந்து நின்று கேட்டாள், பதில் சொல்லவில்லை.

அதனால் அப்பா நாளைக்கு லாசரஸ் பெரியப்பா வீட்டுக்குப் போகிறார். செங்கல்பட்டு ரயிலில் அங்கிருந்து வேலைக்கு வந்துபோக முடியும். எதிர் வீட்டுக் கேசவன் சாரிடம் சொல்லியிருக்கிறார், சாயங்காலம் அவர் வீட்டுக்கு போன் செய்தால் ஜெமியைக் கூப்பிட்டுப் பேசவைக்க அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மொகம் போனா போகுது ரத்தினா, குரலாவது அவகிட்ட மிச்சம் இருக்கட்டும், இங்க இருந்தா அதையும் தொலைச்சிடுவேன் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன், அவ கூப்பிடற வரைக்கும் என்றார். நான் போகவா வேண்டாமா, நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ படிச்சவ, நீ சொன்னா கேக்குறேன் என்றார். போங்கள் என்றால் அவரை அவருடைய வீட்டிலிருந்தே அனுப்பினவள் ஆவேன், இருங்கள் என்றால் பிள்ளை பீரோவுக்குப் பின்னாலேயே வளரும். நான் பேசாமல் இருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன். நாளை குடியரசு தினம், கொடியேற்றத்துக்கு நான் காலையிலேயே பள்ளியில் இருக்க வேண்டும், திரும்பி வந்து ஆராதனைக்குப் போய், அப்புறம் அவரை ஸ்டேஷனில் விட வேண்டும். ஜெமியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்கு அது சந்தோஷச் செய்தியாக இருந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உன் வார்டுக்கு வருகிற டாக்டர்களில் பொறுமையாகக் கேட்கிறவர் யாராவது இருந்தால், இந்தக் கடிதத்தை இந்தியிலோ இங்கிலீஷிலோ சொல்லிக் கேள். இது பிறவியிலேயே வருவதா, நாம் கொடுத்ததா என்று கேள். பிறவியில் வந்தது என்றால் பொறுத்துக்கொள்ளலாம், நாம் கொடுத்தது என்றால் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேள். இரண்டும் இல்லை, தெரியாது என்று சொன்னாலும் அதையும் எழுது, யாருக்குமே தெரியாது என்று தெரிந்தாலாவது அப்பா தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வதை நிறுத்துவார். நீயும் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பெரியப்பா விலாசத்துக்கு. ஜெமியைப் பற்றி அதில் எதுவும் எழுதாதே, உன் வார்டைப் பற்றி, ஆரஞ்சு விலையைப் பற்றி, ஏதாவது சிரிக்கும்படியாக எழுது.

இன்று காலை நான் கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெமி ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி எனக்கு எதிரே நின்றாள். ஒரு விரலை என் காதுக்குப் பின்னால் வைத்து, தாடை ஓரமாக, மெதுவாகத் தடவிக்கொண்டே மோவாய்வரை வந்தாள், அங்கிருந்து மறு காதுவரை போனாள். திரும்பவும் ஒருமுறை, இந்தத் தடவை நகத்தால். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனால் நான் அசையவில்லை, சிரிக்கக்கூட இல்லை, சிரித்தால் முகம் மாறுமே. அவள் தேடி முடிக்கும்வரை அப்படியே நின்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை போல, ஸ்டூலிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டாள்.

ஆகவே ஒன்றே ஒன்று சொல்கிறேன், மறக்காதே. டியூட்டிக்கு வசதியாக இருக்கும் என்று முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. மே மாதம் லீவில் வரும்போது, போன ஜூனில் ரயில் ஏறினபோது இருந்த மாதிரியே வா. அதே இரட்டைப் பின்னல், அதே பொட்டில்லாத நெற்றி, முடிந்தால் அந்த நீலப் புடவை. உன் போட்டோவைத் தினமும் அவளிடம் காட்டிவைக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கை படுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சமாதானம் தருவாராக. வேளைக்குச் சாப்பிடு, இரவு டியூட்டி என்றால் ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போ. அப்பாவின் முத்தங்களும் ஜெமியின் முத்தங்களும் இதோடு வருகின்றன, இரண்டையும் தனித்தனியாகத்தான் வாங்கி வைத்தேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா,
ரத்தினபாய் எலியேசர்